தொண்ணூற்றைந்து நிமிடம்

குழித்துறையில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
ஓர் அறை, இரண்டு கணினி, ஓர் இன்வெர்ட்டர்.
ஷீட்டின் புளிச்ச வாடை
இரண்டரை வருடத்தில் எங்கள் உடுப்பின் வாடையாகிவிட்டது.
அந்த இரண்டரை வருடத்தில் நானும் பெல்சியும் செய்தது
தொண்ணூற்றைந்து நிமிட விளையாட்டு.

முட்டத்துக் கலங்கரை விளக்கில் ஒரு ராத்திரி.
விளக்குக்காரன் நீங்கள்.
கடலில் மூன்று வள்ளம்;
இருக்கிற எண்ணெய் இரண்டு வள்ளம் கரையேறும்வரைதான் காணும்.
அலைச்சத்தம் பிடிக்கப் பெல்சி
ஒன்பது ராத்திரி பாறையில் மைக்கோடு இருந்தாள்.
பத்தாம் நாள் காய்ச்சல்.
விடியும்போது முடிந்துவிடும். அதற்குமேல் ஒன்றுமில்லை.

விற்றுத்தருகிற கடையின் சட்டம்:
வாங்கிப் பதினான்கு நாள் தாண்டாமல்,
ஆடியது இரண்டு மணி நேரம் தாண்டாமல் இருந்தால்
காசு திரும்பும். ஏன் என்று வற்புறுத்த மாட்டார்கள்.

“கடைசியில் அழுதுவிட்டேன். எல்லாரும் ஆடவேண்டியது”
என்று ஒருவர் எழுதியிருந்தார்.
ஆடிய நேரம்: ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்.
பெல்சி ரெண்டு தரம் வாசித்தாள்,
இறங்கிப்போய்ப் பழம்பொரி வாங்கிவந்தாள்.
மறுநாள் அவர் பெயருக்குக் கீழே
சின்ன எழுத்தில்: திருப்பித் தரப்பட்டது.

நூறு விற்றால் முப்பத்தொன்று இப்படி.

குளச்சலில் வியாகுலம்மாள்
செவிளைப் பொளந்து மூக்குக்கு நேரே நீட்டுவாள்.
சாளை நொந்திருந்தால் மறுநாள் வேறு தருவாள்.
குழம்பு வைத்துத் தின்றபிறகு
முள்ளைப் பொதிந்து கொண்டுபோய்
துட்டைத் தா என்று நிற்பவன் உண்டா?
குளிக்கும்போது, மார்த்தாண்டம் மேம்பாலத்தில்
பைக் ஓட்டும்போதெல்லாம் நான் சொல்லிப்பார்த்த வாதம் இது.

“நமக்குச் செவிள் எங்க இருக்கு?” என்றாள் பெல்சி.
“நாலு படம், ஒரு நிமிச வீடியோ.
அதும் நல்லதாப் பாத்து நாம வெட்டினது.
அத மோந்தா பாப்பாங்க?”
பிறகு, வேண்டுமென்றேதான்,
போன ஈஸ்டரை எடுத்துப்போட்டாள்.

போன ஈஸ்டருக்கு ரெண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு
நான் ஒரு போர் விளையாட்டு வாங்கினேன்.
கணினி குக்கர்போல இரைந்தது.
துப்பாக்கி தெரிந்தது, பிடித்திருந்த கை தெரியவில்லை.
ஒரு மணி ஐம்பது நிமிடம் அதோடு மல்லுக்கட்டி
பொத்தானை அமுக்கினேன்.
மூன்றாம் நாள் காசு வந்தது.
அதுவும் சேர்த்துத்தான் இன்வெர்ட்டருக்குப் பாட்டரி.
வடசேரியில் சி.டி. விற்றவன்
பில்லே தரமாட்டான், அப்புறமல்லவா காசு
என்று அன்றைக்கு நான்தான் புகழ்ந்தேன் இந்தச் சட்டத்தை.

நீட்டிவிடு என்றார்கள் தெரிந்தவர்கள்.
நீட்டினோம்.
கரையிலிருந்து விளக்குவரை
எண்ணெய்த் தகரம் சுமக்க வேண்டும், நான்கு நடை,
படி படியாக. இருபத்தாறு நிமிடம்.
மொத்தம் நூற்று இருபத்தொன்று.
பெல்சியின் தம்பி ஆன்றோ ஆடிப்பார்த்தான்.
இரண்டாம் தகரத்தில் கொட்டாவி.
மூன்றாம் தகரத்தைப் பாதிப் படியில் வைத்துவிட்டு
“அத்தான், இது எதுக்கு?” என்றான்.
சொல்ல என்னிடம் இருந்தது ஒரே பதில்.
அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.
அன்றிரவே தகரங்களை அழித்தேன்.

நேற்று வேறு யாரோ ஒருத்தி
எந்த ஊரிலோ தனியாகச் செய்த விளையாட்டு.
ஒரு லிப்ட், பன்னிரண்டு மாடி,
மாடிக்கு ஒரு கதவு. அவ்வளவுதான்.
முடிந்தபோது எழும்பத் தோன்றவில்லை.
மூலையில் மணி பார்த்தேன்:
ஒன்று ஐம்பத்திரண்டு.
பொத்தான் அங்கேதான் இருந்தது.
வாடகை இன்னும் கொடுக்கவில்லை.

“என்ன அது, நல்லாருக்கா?” பெல்சி கேட்டாள்.
நல்லாருக்கு என்றேன்.
வெளியே மழை பிடித்து நெட் போயிற்று.
போகாமலிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
அவளும் கேட்கவில்லை.
இன்னும் பதின்மூன்று நாள் கிடக்கிறது.