கடைக்கோடி

காபி ஆறிப்போன பிறகுதான்
ஸ்வாலுவிக் ஊர்மன்றத்தில்
சுண்ணக்கட்டி என் கைக்கு வந்தது.

பனிச்சரிவை மறிக்கும் இரும்பு வேலி,
வரிசைக்கு மூன்று கோடி குரோனா.
படகுத்துறைக்குப் புதுக் கான்கிரீட்,
துண்டுக்கு ஐந்து.
கருவூலத்தில் இருப்பது அறுபது.

ஆட்கள் இரண்டு குழு,
பனி விலகும் பன்னிரண்டு வாரம்,
ஆக இருபத்து நான்கு.
வேலி ஒன்று இரண்டு வாரம் தின்னும்,
துறைத்துண்டு ஒன்றே ஒன்று.
எட்டு வேலிக்குக் குறையாதே என்றது
ரெய்க்யவிக்கிலிருந்து வந்த கடிதம்.
ஆறு துண்டுக்குக் குறைந்தால்
பெரிய படகு பக்கத்து ஊருக்குப் போய்விடும்
என்றார் துறைமுகத்து அஸ்கிரீமுர்.

கிடைக்கோட்டில் வேலி, நிமிர்கோட்டில் துறை.
நான்கு கோடும் போட்டு முடித்தபோது
பலகையில் மிஞ்சியது
நகக்கண் அளவு இடம்.
"இவ்வளவுதானா நாம்?"
மேயர் துரீதுர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

இவ்வளவுதான்.
அதிலும் கணக்குக்குப் பிடித்த மூலையில்
எட்டரை வேலிக்குக் கொஞ்சம் அதிகம்,
ஏழு துறைக்குக் கொஞ்சம் குறைவு.
அரை வேலி பனியை நிறுத்தாது.
முழு எண்ணாக உள்ளே மூன்றே புள்ளி.

எட்டும் ஆறும்: அது யாருக்கும் வேண்டாம்.
எட்டும் ஏழும்:
ஒரு கோடி மிச்சம், ஒரு வாரம் மிச்சம்.
ஒன்பதும் ஆறும்:
மூன்று கோடி மிச்சம்,
அதைக் கொடுத்து ஒரு நாள்கூட வாங்க முடியாது.
புள்ளி கோட்டின் மேலேயே நிற்கிறது.

"குறைவு, அல்லது சமம்" என்றேன்.
"சமம் என்றால் கோடும் நம்முடையதே."
"பனிக்கு அது தெரியுமா?" என்றாள்
வலைக்கொட்டகை ஸ்டெய்ன்வோர்.
"ஒரு வாரம் முந்தி வந்தால்?"

ஒன்பதாவது வேலி
எந்த வீட்டுக்கு மேலே என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தெருக்கோடி. பச்சைத் தகரக் கூரை.
அதன் சாவி என் கோட்டுப்பையில்
சில்லென்று கிடந்தது.

சொந்த லாபம் உள்ளவர் வெளியே போகவேண்டும்.
விதியைத் தட்டச்சு செய்தவளும் நானே.
நடைபாதைக் கண்ணாடி வழியாகக் கைகள் தெரிந்தன.
எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.
முப்பது வருடப் பழக்கம், விடவில்லை:
ஐந்துக்கு இரண்டு.
ஒன்பதுக்கு உயர்ந்த இரண்டில் ஒன்று
அஸ்கிரீமுருடையது.

திரும்பி வந்து
எட்டு, ஏழு என்று
குறிப்பேட்டில் அழுத்தமாக எழுதினேன்.
கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.
பகலில் கேட்டிருந்தால்.

வாசலில் ஸ்டெய்ன்வோர்
கையுறையைப் பல்லால் இழுத்துக்கொண்டு நின்றாள்.
அவள் கை எழுந்தது ஏழுக்கு.
அதை அவளும் மறைக்கவில்லை, நானும் பேசவில்லை.

"மலைப் பக்கச் சன்னலைக்
கல் வைத்து அடைக்க எத்தனை நாள்?"

"ஐந்து."

"மிச்சம் ஒரு வாரம் இருக்கிறதே,
அதைவிடக் குறைவுதானே?"

குறைவுதான்.
சமம்கூட இல்லை.