காத்து மட்டும்

நெய்யூர் பங்க்குக்கு இப்போதெல்லாம்
காத்து பிடிக்க மட்டும்தான் போகிறேன்.
குழாயை நீட்டும்போதே சுஜின் தொடங்கிவிடுவான்:
"டீசல் வேண்டாம், ஆயில் வேண்டாம்,
ஓசிக் காத்து மட்டும் போதும்.
நல்ல ஆளாக்கும் நீங்க, ரெஜினாளக்கா."
கவரில் நாலு சாளை போட்டுக் கொடுப்பேன்.
வாயை மூடிக்கொள்வான்.

பழைய ஆட்டோவில்
டீசலோடு ரோட்டுக்காசும் கரைந்திருந்தது,
குழம்பில் உப்பு கிடக்கிற மாதிரி.
யாரும் அதைத் தனியே நக்கிப் பார்த்ததில்லை.
இந்த வண்டி ராத்திரி என் வீட்டு மீட்டரில் சாப்பிடுகிறது.
விடியும்போது நிறைந்த வயிறு,
சத்தமில்லாத நடை.
குளச்சலில் ஏற்றினால்
உடையார்விளை, லெட்சுமிபுரம், நெய்யூர், திங்கள்சந்தை,
மிஞ்சினால் அழகியமண்டபம்.
போக வர நாற்பத்தாறு கிலோமீட்டர்.

மீன் வெட்டும் டெல்பின்
பலகைக்கடியில் விரித்திருந்த பேப்பரில்தான் பார்த்தேன்:
பேட்டரி வண்டிக்கும் வரி வரலாமாம்,
ரோடு பராமரிக்கப் பணம் போதவில்லையாம்,
கிலோமீட்டருக்கு
இத்தனை பைசா என்ற இடத்தில்
ஒரு செதிள் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாள் முழுக்க
தெரியாத எண்ணை வைத்தே கணக்குப் போட்டேன்.
ஐம்பது பைசா என்றால் இருபத்திமூன்று ரூபாய்.
ஒரு சின்னக் கூறு நெத்திலி.
ஒரு ரூபாய் என்றால்
குழுக்கடன் தவணையில் கைவைக்க வேண்டும்.

நான் கட்டாததா?
ஐப்பசி மழையில் உடையார்விளை வளைவில்
தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளத்தில்
முன்சக்கரம் இறங்கிப் பெட்டி சரிந்து
அயிலை முழுக்க ரோட்டில் துள்ளாமல் கிடந்தது.
காக்கைகள் பங்கு பிரித்தன.
ஆக்சிலுக்கு மூவாயிரத்து இருநூறு,
இடுப்புக்கு இன்னும் தைலம்.
பள்ளம் ரசீது தருவதில்லை.

கோபம் திங்கள்சந்தை வரை நன்றாகத்தான் ஓடியது.
இறங்கிப் பெட்டியைத் தள்ளும்போது
இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது.
போன வருஷம் லெட்சுமிபுரத்தில் புதுத்தார் போட்ட பிறகு
எட்டு நிமிஷம் மிச்சம்.
எட்டு நிமிஷத்து ஐஸ் உருகவில்லை.
கண் கலங்காத மீனுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைத்தது.
அந்தத் தாருக்குக் காசு கொடுத்தவன்
எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த
ஏதோ ஒரு டீசல்காரன்.
பேட்டரியோடு என் வண்டி பழையதைவிடக் கனம்.
சக்கரம் என்ன தின்றது என்று
ரோடு மணத்துப் பார்ப்பதில்லை.

சரி, தருகிறேன்.
ஆனால் ஒன்று.
கேரளாவுக்குப் பாறை ஏற்றிப்போகும் டாரஸ் கடக்கும்போது
அழகியமண்டபத்தில் டீக்கடைக் கண்ணாடி நடுங்குகிறது.
நான் கடக்கும்போது பூனைகூட எழுவதில்லை.
ஆகவே வரியைக் கூறு வைத்து விற்காதீர்கள்.
கூறு வைப்பதில் உள்ள கள்ளம் எனக்குத் தெரியும்,
பெரிய மீன் மேலே, நொந்தது அடியிலே,
நானே வைத்திருக்கிறேன்.
தராசை எடுங்கள்.
நிறுத்துப் போடுங்கள்.

திரும்பும்போது பங்க்கில் புதிதாக ஒரு பலகை:
காத்து – ஐந்து ரூபாய்.
சுஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டே குழாயை நீட்டினான்.
"முதலாளிக்க வேலையாக்கும். யாவாரம் இல்லேண்ணு
ஒரு ஷிப்டையும் குறைச்சாச்சு."
யாருடைய ஷிப்ட் என்று நான் கேட்கவில்லை.
சாளைக் கவரை எடுத்த கை
பாதியில் நின்று
மடியில் சில்லறை தேடியது.
பத்து ரூபாய்தான் இருந்தது.
பாக்கி அவனிடம் இல்லை.

"அப்புறமா தாறேன்."
"எங்க வச்சு?"
"இந்த ரோட்டுலதானே வருவிய."