கொத்து

மகள் வைத்த பெயர் கொத்தவரங்காய்.
நீளத்தைப் பார்த்து வைத்தாள்.
ஒரே மூச்சில் கூப்பிடுகிற மாதிரி
சுருக்கிக்கொள்ளுங்கள் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.
சுருக்கினோம். கொத்து.

வினை அங்கே தொடங்கியது.
"கொத்து" என்றேன், இங்கே வா என்ற பொருளில்.
அதற்குத் தமிழ் தெரிந்திருந்தது.
நேராக ரெஜினின் கனகாம்பரப் பாத்திக்குப் போய்
முன்னங்கால் இரண்டும் மண்வெட்டியாக
வேர் தெரியக் கொத்திப் போட்டுவிட்டு
மூக்கு நிறைய மண்ணோடு
பாராட்டுக்குக் காத்து நின்றது.

ஜெர்மனியில் இதன் முன்னோர்
வளைக்குள் புகுந்து ஏதோ பிராணியை
வெளியே இழுத்து வருமாம்.
முத்தியால்பேட்டையில் அந்தப் பிராணி கிடையாது.
பெருச்சாளி உண்டு,
அது இதைவிடப் பெரிது.

நான் மின்துறையில் மீட்டர் கணக்கெடுப்பவன்.
இருபத்தேழு வருஷம்.
நாய்கள் ஜாக்கிரதை என்ற பலகையை
இந்த ஊரில் என்னளவு படித்தவர் இல்லை.
இடது கெண்டைக்காலில் சோலை நகர்,
வலது முட்டிக்குப் பின்னால் வைத்திக்குப்பம்,
தொப்புளைச் சுற்றி அந்தக் காலத்து ஊசி.

மர்த்தீன் அட்டைப்பெட்டியைத் திறந்த அன்று
நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
ஒன்றரைச் சாண் நீளம், அரைச் சாண் உயரம்.
அதற்குத்தான் பயந்தேன்.
பத்தே நாளில் அவள் விடுதிக்குக் கிளம்பினாள்.
"அப்பா, நீங்களே பழக்குங்க."

வேகவைத்த ஈரல் துணுக்கை
மூக்குக்கு மேலே காட்ட வேண்டும்.
தலை உயர்ந்தால் பின்பக்கம் தானாகத் தாழும்,
அந்த நொடியில் "உக்காரு" சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
உட்கார்ந்ததா, நிற்கிறதா?
மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.
தரையில் கன்னம் வைத்துப் பார்த்தேன்.

அந்த உயரத்தில் என் வீட்டை நான் பார்த்ததில்லை.
நாற்காலிக்கு அடிவயிறு இருக்கிறது.
கேட்டுக்குக் கீழே நாலு விரல் சந்து,
அதன் வழியே தெரு.
தெரு என்றால் செருப்புகள்.
பால்காரர் ஒரு ஜோடி, கொரியர் ஒரு ஜோடி,
வந்து நிற்கிற கால்கள்,
முகமே இல்லை,
என்ன வேண்டுமென்று கால் சொல்வதில்லை.
இருபத்தேழு வருஷமாக எத்தனையோ கேட்டடியில்
நானும் அப்படி வந்து நின்ற இரண்டு கால்தான்.

காது மேலே விழுந்தது, ஈரமாக.
ஈரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

படி ஏறக் கூடாது, முதுகு தாங்காது என்றார் டாக்டர்.
மார்புக்கு ஒரு கை, பின்னங்காலுக்கு ஒரு கை.
காலையில் மாடிக்குப் பதினோரு படி நான் ஏறுகிறேன்,
அது கடலைப் பார்க்கிறது.
மழை நாளில் நான் குடை பிடிக்க,
வயிறு நனையாமல் ஒரு சொட்டு ஒன்றுக்குப் போக
முக்கால் மணி நேரம்.

பாத்தியைக் காப்பாற்ற முடியவில்லை.
வீடு கட்டியதில் மிஞ்சிய இரண்டு மூட்டை மணலை
மூலையில் கொட்டி, உள்ளே ஈரலைப் புதைத்து
"கொத்து" என்றேன்.
இந்த முறை சொன்னதும் செய்ததும் ஒன்று.

ரெஜின் துவைக்கிற கல்லில் நின்று கணக்குச் சொன்னாள்:
"பேரைச் சொன்னா தோண்டுது.
வான்னா பாக்குது.
போன்னா மடியில ஏறுது.
நல்லாப் பழகிட்டீங்க."
ஒரு க் விட்டுப்போச்சே என்றேன்.
விடவில்லை என்றாள்.

நேற்று சோலை நகர், தேவநாதன் வீடு.
கடித்தது செத்துப்போய்விட்டது, இது அதன் பிள்ளை.
மூன்று மாதமாக அந்த வீட்டுக்கு
தெருவில் நின்றே உத்தேசமாக எழுதி வந்தேன்,
யாரிடமும் சொன்னதில்லை.
கேட்டைத் திறந்தேன்.
கொத்து கடித்து ஓட்டை போட்ட கால்சட்டை விளிம்பை
வெகுநேரம் முகர்ந்தது.
பிறகு குரைத்தது, குரைக்காமல் என்ன செய்யும்.
கைதான் நடுங்கியது, கால் நின்றது.
மீட்டர்ப் பெட்டியைத் துடைத்து
எண்ணைப் பார்த்து எழுதினேன்.

என் உத்தேசத்தைவிட
நாற்பது யூனிட் குறைவு.