ஐம்பத்திரண்டு என்று எழுதியது

இழுத்து நிறுத்தி, கிளாம்பைக் கடிக்கவிட்டு,
கைப்பிடியைத் தளர்த்தும் அந்த நொடியில்
ஏதோ ஒன்று பின்வாங்குகிறது.
சத்தமில்லை.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுமே, அந்த அளவு.

யூஜின் சாரின் மட்டை.
பெரம்பூர் ரயில்வே கோர்ட்டில் ஞாயிறு காலை
இரட்டையர் ஆடுகிறவர். ஐம்பத்திரண்டு பவுண்டு.
ஒன்பது வருடமாக நோட்டில் அதே எண், அதே நீல மை.

சந்தேகம் வந்த இரவில்
நரம்பின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன்,
கிளாம்பின் உதட்டை ஒட்டி, வெளிப்பக்கம்.
விட்டேன்.
திடீர் மழைக்குக் கடைக்குள் ஒதுங்குகிற ஆள் போல
புள்ளி உள்ளே போய்விட்டது.

முதலில் ரயிலைக் குற்றம் சொன்னேன்.
அரக்கோணம் வண்டி லோகோ தாண்டும்போதெல்லாம்
மேசை நடுங்கும், டம்ளர் தண்ணீர் வட்டம் போடும்.
கடைசி வண்டி போய் அரைமணி காத்திருந்தேன்.
அப்போதும் போனது.
பிறகு மே மாதத்தை.
பிறகு என் விரல் வியர்வையை.

கழற்றிப் பார்த்தால் பல்வரிசைக்குள்
வெள்ளை மாவு, மெழுகு,
ஒன்பது வருட நரம்புகள் உரித்துப் போட்ட தோல்.
ஸ்பிரிட் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
திருகைக் கால் சுற்று இறுக்கினேன்.
அரைச் சுற்று போனால் நரம்பு நசுங்கும்;
நசுங்கிய தடம் வெளுத்துத் தெரியும்,
அங்கேயே ஒரு நாள் அறும்.
கால் சுற்று. அப்புறம் இன்னும் மயிரிழை.

புள்ளி நின்றது.
கிளாம்பே தண்டோடு கால் நூல் சாய்ந்தது, உண்மைதான்.
சாயட்டும். இரும்புக்கும் முதுகு உண்டு.
கடைசி இழுப்பில், முடிச்சுக்கு முன்,
மூன்று பவுண்டு கூட்டிவிடலாம்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கே படியேறி வந்தார்,
சாக்ஸெல்லாம் செம்மண்.
"என்னம்மா வசுமதி, கல்லு மாதிரி இருக்கு?
வாலி ஒண்ணு உள்ள விழல.
எப்பவும் போடுற ஐம்பத்திரண்டு போடு."

இதுதான் சார் ஐம்பத்திரண்டு
என்று வாய்வரை வந்தது.
ஒன்பது வருடம்.
அவர் முழங்கை, தோள்,
பேக்ஹேண்டில் அந்தச் சின்னத் தாமதம்,
எல்லாமே என் கிளாம்பின் அழுக்குக்கு
அளவெடுத்துத் தைத்தவை.

ஆறு நாள் ஆன நரம்பை நடுவிலிருந்து அறுத்தேன்.
கூலி வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.
இழுவையை நாற்பத்தெட்டில் வைத்தேன்.
கிளாம்ப் கடித்தது, விடவில்லை.

புதன்கிழமை போன்:
"ஆங், இதான். இதான் ஐம்பத்திரண்டு."

நோட்டில் நீல மையில் 52.
ஓரத்தில் பென்சிலால், எனக்கு மட்டும், 48.
மற்றவர்கள் பக்கங்களை இன்றைக்குத் திறக்கவில்லை.

மேசையில் அடுத்த மட்டை,
அயனாவரத்துப் பள்ளிக்கூடப் பெண்ணுடையது.
எவ்வளவு போட என்று கேட்டால்
"தெரியலக்கா, நீங்களே போடுங்க" என்கிறாள்.
மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றுகிறேன்.