நட்சத்திரம் இல்லாத கட்டம்

இலந்தைகுளம். நாலாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில்லாத கண்மாயில்
யாரோ கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
திங்கள்கிழமை வந்த வேலை இது:
விண்ணப்பங்களை வடிகட்ட வேண்டும்.
அறுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் வேண்டாம்.
அரியர் இருந்தால் வேண்டாம்.
பட்டம் என்ற கட்டம் காலியாக இருந்தால்
படிவம் நகரவே கூடாது.
"ரெண்டு மணி நேர வேலை" என்றார் குபேந்திரன்.
ஒரு மணி நேரம் போதும்.
மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
இதே படிவத்தில், இதே கட்டத்தில்
நான் ஒன்றும் எழுதவில்லை.
கட்டாயம் என்று காட்டும் சிவப்பு நட்சத்திரத்தை
யாரோ போட மறந்திருந்தார்கள்.
கட்டமும் நட்சத்திரமும் பார்த்துப் பார்த்தே
எனக்கு வந்த மூன்று வரன்களைத் திருப்பியவள் என் அத்தை.
எனக்கு வேலை கிடைத்ததோ
நட்சத்திரம் இல்லாத ஒரு கட்டத்தால்.

வாங்காத பட்டத்தின் கதை சின்னது.
திருமங்கலம் தாண்டி ஒரு கல்லூரி.
கணக்கு மூன்றாம் தாளை மூன்று தடவை எழுதினேன்.
ஐந்தாவது செமஸ்டருக்குப் பணம் கட்டவில்லை.
அதற்குமேல் அதில் சோகம் ஒன்றுமில்லை.

கீழமாரட் வீதியில் வெங்காய மண்டிக்கு
பில் போடும் புரோகிராம் எழுதினேன்.
சாக்கின் எடையைக் கழிக்க மறந்துபோன முதல் நாள்
சரக்கை இறக்காமல் மூணு லாரி நின்றது,
பின்னால் ஒரு டவுன் பஸ்ஸும், அதன் ஹாரனும்.
"ஏம்மா, நாங்க என்ன சாக்கையா விக்கிறோம்?"
முதலாளி சீனிமுகமது கேட்டது
எந்தக் கேள்வித்தாளிலும் எனக்கு வரவில்லை.

ஆனாலும்
பட்டம் வெறும் காகிதம் என்று சொல்ல மாட்டேன்.
அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும்
அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள்.
பக்கத்து இருக்கையில் தாட்சாயினி இருந்தாள்.
இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடாத ஒன்று,
ஏன் இத்தனை மெதுவாக ஓடுகிறது என்பதை
வடை மடித்த தாளின் பின்பக்கம்
நாலே வரியில் காட்டினாள்.
"மூணாவது செமஸ்டர்ல வருமே" என்றாள்.
குத்திக்காட்டவில்லை;
நிஜமாகவே வருமே என்றுதான்.
போன மாசம் ஜெர்மனிக்குப் போனது அவள்.
விசாப் படிவத்தில்
நட்சத்திரம் போட யாரும் மறக்கவில்லை.

புதன்கிழமை எழுதி முடித்தேன்.
சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
என் பெயர். ஊர் அவனியாபுரம்.
அரியர் ஒன்று.
காலியாக அந்தக் கட்டம்.
பொத்தானைத் தட்டினேன்.
கட்டம் சிவந்தது, படிவம் நகரவில்லை.
பக்கத்துத் திரையில் பச்சை டிக்:
எதிர்பார்த்தது எதுவோ அதுவே வந்தால்
சோதனை வெற்றி.

யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன்.
விலக்கியவர்களை அழிக்காதே,
வேறொரு பட்டியலில் வை.
அதைத் திறக்க எந்தத் திரையிலும் பொத்தான் கிடையாது.

கடைசி பஸ்ஸில், மடியில் வைத்துத் திறந்தேன்.
பழைய விண்ணப்பங்கள், முப்பத்தோராயிரம் பேர்.
முதல் ஆள் மொக்கராசு, உசிலம்பட்டி.
படிப்பு பன்னிரண்டு.
திறமை என்ற இடத்தில் ஒரு லிங்க், அப்புறம்
'கோழிப்பண்ணைக்கு முட்டைக் கணக்கு எழுதிருக்கேன். ஓடுது.'

ஓடத்தான் செய்கிறது.
அட்டைக்கு முப்பது முட்டை.
அட்டை நிரம்பாத நாளில்
மிச்ச முட்டை எங்கே போகும் என்று பையன் யோசிக்கவில்லை.
பழங்காநத்தம் பாலம் ஏறுவதற்குள்
பிழையைப் பிடித்துவிட்டேன், ஒரே ஒரு வரி.
கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால்
போன் நம்பர் கட்டத்தில் வரிசையாகப் பத்து எக்ஸ்.
விலக்கியவர்களின் எண்ணை மறைக்க வேண்டும் என்பதும்
அந்த வேலையில் ஒரு வரி.
அதை நான்தான்
திங்கள்கிழமையே
சரியாகச் செய்து வைத்திருந்தேன்.