மூன்றாவது திருத்தம்

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்.
பாதிப் பணம் முதலில்.
பென்சில் வரைவுக்குச் சம்மதம் சொன்ன பிறகே வண்ணம்.
இரண்டு திருத்தங்கள் விலைக்குள் அடக்கம்,
அடுத்த ஒவ்வொன்றுக்கும் பதினைந்தாயிரம் பெசோ.
"அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பவர்கள்
அந்த அஞ்சு நிமிஷத்தை வீட்டிலிருந்தே கொண்டுவரவும்.
கடைசி வரியை அடிக்கச் சொன்னாள் தங்கை.
அடிக்கவில்லை.

வால்பரைசோவின் மேட்டுத் தெருவுக்கு
நூற்று எண்பது படியேறி வருகிறவர்கள்
மூச்சு வாங்கிக்கொண்டே அதைப் படிப்பார்கள்.
மூச்சு வாங்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை.
வாடகை குறைவென்று எடுத்த வீடு,
இப்படியும் உதவுகிறது.

இழுவைப்படகு ஓட்டிய ஒவிதியோ
ஓய்வுபெறும் நாளுக்குத் தன் படகை வரையச் சொன்னார்.
மங்கிய போட்டோவில்
சுக்கானருகே அவர்,
பின்தளத்தில் கயிறு சுருட்டும் லவுத்தாரோ.
எண்ணாமல் அவர் நீட்டிய நோட்டுகளை
அவர் கண்முன்னே எண்ணினேன்.
எண்ணுவதும் மரியாதைதான்.

முதல் திருத்தம்: புகைபோக்கியில் சிவப்பு போதாது.
உண்மைதான், போதவில்லை.
இரண்டாவது: கடல் இவ்வளவு சாதுவாக இருக்காது.
அலையைக் கொஞ்சம் கிளப்பிவிட்டேன்.
இதற்கிடையில்
ஈஸ்டருக்குத் தருவதாகச் சொன்ன படம்
ஜூன் மழையிலும் காயாமல் கிடந்தது.
தொலைபேசி அடித்தபோதெல்லாம்
தூரிகை கழுவுவதுபோல் இருந்துவிட்டேன்.
தாளில் எனக்கென்று ஒரு விதிகூட இல்லை,
அதை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது முறை வந்தவர் உட்காரவில்லை.
"அவனை எடுத்துவிடுங்கள்."
ஏன் என்று கேட்பது என் வேலையில்லை.
சுவரைப் பார்த்தார்,
பதினைந்தாயிரத்தை மேசையில் வைத்தார்.
ஓர் ஆள் மறைய நாற்பது நிமிடம்.
கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது,
தானே சுருண்டுகொண்டதுபோல்.

ஆகஸ்டில்,
மீதியைக் கொடுத்துப் படத்தை வாங்கிப்போகும் நாளில்,
படிகளில் இரண்டு இருமல் கேட்டது.
ஒன்று ஒவிதியோ.
மற்றது போட்டோவில் இருந்ததைவிடப் பருத்து, நரைத்து,
தொப்பியைக் கையில் கசக்கியபடி.
லவுத்தாரோ படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.
"சுருள் தப்பு. நான் வலமாகச் சுருட்டுவேன்."
ஒவிதியோ ஜன்னல் வழியே
துறைமுகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
"திரும்ப வைக்க எவ்வளவு?"

சும்மா வைத்துத் தருகிறேன் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அங்கே யாரும் இரக்கம் கேட்டிருக்கவில்லை.
பதினைந்தாயிரம் என்றேன்.
தாமதத்துக்கு நான் கழிக்க வேண்டியதை
வேறு சீட்டில் எழுதி மீதியில் குறைத்தேன்.
இருவரும் ஒரே நேரத்தில் பர்ஸை எடுத்தார்கள்.
யார் கொடுப்பதென்று ஒரு சண்டை,
பழைய சண்டையின் பேரன் போல.

ரசீதில் எழுதினேன்:
ஓர் ஆள், மறுபடியும்.

வாசல்வரை போன லவுத்தாரோ திரும்பினார்.
"வயிற்றை மட்டும் லேசாக...
அஞ்சு நிமிஷ வேலைதானே?"
சுவரைக் காட்டினேன்.
கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார்.