நான்கு அட்டைகள்

அருமனைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி,
ஒன்றாம் வகுப்பு, பதினோரு பேர்.
லேமினேட் செய்த நான்கு அட்டைகள்,
மூன்றாவதின் மூலையில் ஷைஜினின் பல்தடம்.

வீட்டைவிட்டுப் பையன் கிளம்புகிறான்.
மழை பெய்கிறது.
குடையை விரிக்கிறான்.
பள்ளிக்கூடம் வந்து சேர்கிறான்.
அவ்வளவுதான் கதை.
ஒரு ஓணான்கூடக் கிடையாது இதில்.

முதலில், பிறகு, அதன்பின், கடைசியில்
என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.
செருப்பைக் கழற்றத் தயங்கும் விருந்தாளிகள்போல
நான்கும் அங்கேயே நின்றன.
பிள்ளைகளிடம் இருப்பது ஒரே சொல்:
பின்ன.
பின்ன மழெ பெஞ்சு, பின்ன அவன் வந்தான்,
பின்ன எங்க வீட்டு ஆடு குட்டி போட்டு, பின்ன
மூச்சு வாங்க மட்டும் ஓர் இடைவெளி.
அந்த ஒரு நூலில் எதையும் கோர்த்துவிடுவார்கள்,
முடிச்சுப் போடத்தான் மறந்துபோகும்.

சிவப்பு கூடுதலாக உள்ளதுதான் முதலில் என்றான் ஷைஜின்.
ஆதனும் ஆதினும் இரட்டையர்,
ஆளுக்கு இரண்டு அட்டை எடுத்துக்கொண்டு
கதையைப் பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள்.

ஜெர்ஷா நெடுநேரம் பார்த்திருந்தாள்.
முதலில் குடையை வைத்தாள்.
அப்புறம் கிளம்புவது. அப்புறம் பள்ளிக்கூடம்.
மழையைக் கடைசியில்,
மற்ற மூன்றையும் தொடாமல்,
கொஞ்சம் தள்ளி.

"மழையே இல்லாம எதுக்கு மோளே குடை?"

"மழெ வாறதுக்கு மின்னதான் டீச்சரே கெட்டணும்.
வந்த பொறவு கெட்டினா பசை பிடிக்காது.
செரட்டையில வெள்ளம் நெறஞ்சு
பாலு எல்லாம் போவும்."

சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்,
சாய்வாக வெட்டிய பட்டைக்கு மேலே
இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
வரிசை பிசகாமல் நின்றன.
வானம் வெளுத்துத்தான் கிடந்தது.
அவள் அப்பா மே மாதமே கட்டி முடித்திருப்பார்.

பென்சிலை எடுத்தேன்.
தப்பு போடவில்லை. சரியும் போடவில்லை.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு
அக்கா போன் செய்தாள்.
எடுத்ததும் கடைசி அட்டையை வைத்தாள்:
"அத்தானுக்கு ஒண்ணுமில்லெ, இட்டிலி தின்னாச்சு."
பிறகு ஆஸ்பத்திரி,
அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ்,
அதற்கும் முன்னால் மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
சறுக்கி விழுந்த பைக்.
முறையாக முதலிலிருந்து சொல்லியிருந்தால்
பைக்குக்கும் இட்டிலிக்கும் நடுவே
எத்தனை தடவை செத்திருப்பேன்.
பாடத்திட்டத்தில் இதற்கு எண் இல்லை.

மத்தியானத்துக்குப் பின் வராந்தாவில்
நான்கு பேரை நிறுத்தினேன், கையில் அட்டையுடன்.
கதை நடந்த வரிசையில் நில்லுங்கள் என்றதும்
எல்லோரும் தள்ளிக்கொண்டு முதலில் நின்றார்கள்.
முதலில் நிற்பவருக்குத்தான்
சத்துணவுக்கூடத்தில் முட்டை பெரிதாகக் கிடைக்கும்,
அது அவர்கள் படித்த வரிசை.
பிடித்து ஒவ்வொருவராய் நகர்த்திக்கொண்டிருக்கும்போது
யாருடைய முறையும் கேட்காமல் மழை வந்தது.
ஓட்டில் அடித்த அடியில்
என் முதலில், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
பதினோரு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாலையில் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன்.
நிகழ்வுகளை வரிசைப்படுத்துகிறார்:
ஆம், இல்லை, உதவியுடன்.
ஜெர்ஷாவின் கட்டம் வெள்ளிவரை காலியாகவே இருக்கட்டும்.

அட்டைகளை எண்ணினேன். மூன்று.
பீரோவுக்கு அடியில் பார்த்தேன், வராந்தாவிலும்.
வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான்,
மழையும் பெய்தாயிற்று, குடையும் விரித்தாயிற்று.
பையன் மட்டும்
இன்னும் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை.
ஷைஜினின் பையில்
ஆறுகாணி பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான்
என்று நினைக்கிறேன்.